ஹவுஸ் சர்ஜனுக்கு நோயாளியிடம் பேசச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கேள்வி இது. கேட்பவர் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில், பொது மருத்துவப் பிரிவின் உதவிப் பேராசிரியர். யூனிட்டில் 12 ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசியில் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்கள். காலை ஓபி-யில் வரிசை வராந்தாவைத் தாண்டி நிற்கும். நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வகுப்பெடுத்தால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், மறுநாள் ஓபி-யில் பழையபடி "எத்தனை நாளா? காய்ச்சல் உண்டா? சீட்டக் குடு" தான். இது சொல்லிக்கொடுத்து வருமா, பிறவியிலேயே வர வேண்டியதா? நேரத்துக்கு எங்கே போவது?

சொல்லிக்கொடுத்தால் வரும். வகுப்பெடுத்தால் வராது. வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய் ஊசி) போடுவதை யாரும் பவர்பாயிண்ட் பார்த்துக் கற்றுக்கொள்வதில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று, எங்கே கட்ட வேண்டும், ஊசியை எவ்வளவு சாய்க்க வேண்டும், ரத்தம் தெரிந்ததும் எதை நிறுத்தி எதைத் தள்ள வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் திருத்துகிறார். பேச்சும் அப்படிப்பட்ட கைவேலைதான். "நோயாளியிடம் அன்பாகப் பேசு" என்பதும் "நரம்பை நன்றாகப் பிடி" என்பதும் ஒன்று. கேட்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று இரண்டிலுமே தெரியாது. ஆகவே பேச்சை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு துண்டு எடுத்து, உண்மையான நோயாளி முன்னால் செய்யவிட்டு, பார்த்துத் திருத்துங்கள். வாரத்துக்கு 20 நிமிடம் கிடைத்தால் போதும்.

இன்னொன்று, இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்: பயிற்சி தமிழில் நடக்க வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சில் 2018-ல் ஏட்காம் என்ற பாடத்தை வெளியிட்டது. மனப்பான்மை, அறநெறி, பேச்சு மூன்றும் சேர்ந்தது. 2019-ல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மொத்தம் 27 பகுதிகள். படித்துத்தான் வருகிறார்கள். ஆனால் படிப்பது ஆங்கிலம், கேஸ் ஷீட் ஆங்கிலம், தேர்வில் ஒப்பிப்பதும் ஆங்கிலம். கட்டிலருகே வந்ததும் ஹவுஸ் சர்ஜன் மனதுக்குள் மொழிபெயர்க்கத் தொடங்குகிறார். "வலி எங்கயாவது பரவுதா?" என்று கேட்கிறார். நோயாளி விழிக்கிறார். "வலி அங்கயே நிக்குதா, இல்ல தோள், கை, தாடைப் பக்கம் இழுக்குதா?" என்று கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்.

எதிர்த்திசையிலும் இதே விபத்து நடக்கும். "மயக்கமா வருது" என்று நோயாளி சொன்னால் அது தலைசுற்றலாக இருக்கலாம், கண் இருட்டலாக இருக்கலாம், நினைவே தப்பியதாக இருக்கலாம், வெறும் அசதியாகவும் இருக்கலாம். சீட்டில் 'கிடினஸ்' (தலைசுற்றல்) என்று எழுதிவிட்டால் நினைவு தப்பி விழுந்த மனிதர் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்விடுவார். "கீழ விழுந்துட்டீங்களா? அப்போ பக்கத்துல பேசினது காதுல கேட்டுச்சா?" என்ற இரண்டு கேள்விகள் பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும். "வாயு புடிச்சிருக்கு" இன்னும் ஆபத்தானது. ஐம்பது வயதுக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டு அதைச் சொன்னால் வயிற்று எரிச்சலுக்கு ஜெலுசில் எழுதுவதற்கு முன், "நடந்தா வருதா, நின்னா விடுதா?" என்று கேட்டாக வேண்டும்; ஈசிஜி எடுத்தாக வேண்டும். "இழுப்பு" என்பது சிலருக்கு மூச்சிழுப்பு, சிலருக்கு வலிப்பு. "குளிக்காம இருக்கேன்" என்று ஒரு பெண் சொன்னால் அது மாதவிலக்கு தள்ளிப்போன செய்தி. பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த மாணவர் மட்டுமல்ல, சென்னையில் ஆங்கில வழியில் படித்தவரும் இதைச் சுகாதாரப் பிரச்சினையாக எழுதிவைக்க வாய்ப்புண்டு.

இதற்குப் பாடநூல் தேட வேண்டாம். வார்டில் கேட்ட இரண்டு சொற்களை வாரந்தோறும் ஒவ்வொருவரும் கொண்டுவரட்டும்: நோயாளி என்ன சொன்னார், விசாரித்ததில் என்ன பொருள் என்று தெரிந்தது, எந்தக் கேள்வியில் தெரிந்தது. ஒரு நோட்டில் எழுதி டியூட்டி ரூமில் வையுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் சொல் மாறும் என்பதால் உங்கள் யூனிட் நோட்டு உங்களுக்கு மட்டுமே பொருந்தும். அடுத்த போஸ்டிங் வருகிறவர்களுக்கு அதுதான் முதல் நாள் பாடம்.

மரியாதைச் சொல்லையும் இங்கேயே முடித்துவிடலாம். கூலி வேலைக்காரர் என்றால் "வா, உக்காரு", சட்டைப்பையில் பேனா இருந்தால் "வாங்க சார்" என்ற வழக்கம் ஓபி-யில் உண்டு; 23 வயதுக்காரர் அதை ஒரே வாரத்தில் பழகிவிடுகிறார். விதி எளிது. எல்லோருக்கும் "ங்க". 55 வயதுப் பெண்ணைப் "பாட்டி" என்று கூப்பிட்டால் பாதிப் பேருக்குப் பிடிக்காது. "அம்மா", "ஐயா" எங்கேயும் செல்லும்.

இனி துண்டுகள். முதல் வாரம் தொடக்கம் மட்டும். 1984-ல் பெக்மேன், ஃபிராங்கல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்க முடிந்தது 23 சதவீதம் சந்திப்புகளில்தான். விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான் எல்லோருடைய பயமும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் புறநோயாளிப் பிரிவில் 335 பேரைக் குறுக்கிடாமல் பேசவிட்டு நேரம் பார்த்தார்கள். 2002-ல் வெளியான ஆய்வு. சராசரி 92 விநாடி. 78 சதவீதம் பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் வெறும் 7 பேர்.

நம் ஓபி பாசல் இல்லை, ஒருவருக்கு மொத்தமே மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது என்பது சரி. அதனால் பயிற்சியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, 40 விநாடி வாயைத் திறக்கக் கூடாது. "ம்", "சரி", "அப்புறம்" மூன்றுக்கு மட்டும் அனுமதி. பக்கத்தில் இன்னொரு ஹவுஸ் சர்ஜன் செல்பேசியில் விநாடி பார்த்து, முதல் குறுக்கீடு எத்தனையாவது விநாடியில், எந்தச் சொல்லால் வந்தது என்று எழுத வேண்டும். ஆளுக்கு ஐந்து நோயாளிகள். அறிவுரையே தேவைப்படாது, தன் எண்ணைப் பார்த்ததும் அவரே அடங்குவார். அநேகமாகக் குறுக்கிடும் சொல் "எத்தனை நாளா?" என்பதாகத்தான் இருக்கும். அது கெட்ட கேள்வி அல்ல, 40 விநாடி கழித்துக் கேட்க வேண்டிய கேள்வி. மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர், ரத்தம் ஒழுக வருகிறவர் இந்தப் பயிற்சியில் சேர மாட்டார்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் யாராவது ஒருவர் அங்கேயும் விநாடி எண்ணுவார்.

இரண்டாம் வாரம் "வேற?" என்ற கேள்வி. நோயாளி முதலில் சொல்வது முக்கியமானதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முழங்கால் வலி என்று வந்து, மாத்திரை எழுதி முடித்து எழுந்திருக்கும்போது "அப்புறம் டாக்டர், மார்ல ஒரு கட்டி மாதிரி..." என்று தொடங்குவார்கள். கதவருகே வரும் இந்த வாக்கியத்தை முன்னாலேயே வரவைப்பதுதான் திறமை. 2007-ல் ஹெரிடேஜ், ராபின்சன் என்ற ஆய்வாளர்களின் குழு இதில் ஒரு அழகான வேலை செய்தது. "வேறு ஏதேனும் உண்டா" என்ற தொனியில் கேட்ட மருத்துவர்களுக்கும் கேட்காமலே விட்டவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. "இன்னொன்றும் இருக்கிறது" என்று எதிர்பார்க்கும் தொனியில் கேட்டபோதோ, சொல்லாமல் விடுபட்ட குறைகளில் 78 சதவீதம் குறைந்தது. சந்திப்பு நேரமும் கூடவில்லை. ஆங்கிலத்தில் அது ஒரே ஒரு சொல்லின் மாற்றம்: 'எனி' என்ற இடத்தில் 'சம்'. தமிழில் அந்தச் சொல் இல்லை; ஆனால் வேறுபாடு இருக்கிறது. "வேற ஒண்ணும் இல்லையே?" என்ற கேள்விக்கு "இல்லீங்க" என்பதைத் தவிர மரியாதையான பதில் கிடையாது. "வேற ஏதாச்சும் இருக்கா?" கொஞ்சம் மேல். "முட்டி வலி பாத்துக்கலாம். இன்னும் என்னென்ன சொல்லணும்னு வந்தீங்க?" என்று கேட்டால், சொல்ல இருக்கிறது என்று கேட்பவரே ஒப்புக்கொண்டதாகிறது. தமிழில் இதை யாரும் அளந்து பார்த்ததாகக் கொள்ள வேண்டாம். உங்கள் ஓபி-யிலேயே இரண்டு நாள் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். இடம் முக்கியம்: பரிசோதனைக்கு முன்னால் கேட்க வேண்டும். மருந்து எழுதிய பிறகு கேட்டால் பயனில்லை.

மூன்றாம் வாரம்தான் உயிரைக் காப்பாற்றும் துண்டு: விளக்குவதும், விளங்கியதா என்று சரிபார்ப்பதும். "புரிஞ்சுதா?" என்ற கேள்வியைத் தடை செய்யுங்கள். அதற்கு "சரிங்க டாக்டர்" என்ற ஒரே பதில்தான் உண்டு. புரியவில்லை என்று சொல்வது டாக்டரைக் குறை சொல்வது போல ஆகிவிடும் என்பதால் யாரும் சொல்ல மாட்டார்கள். பழியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு கேட்க வேண்டும்: "நான் சரியா சொன்னேனான்னு தெரியணும். வீட்டுக்குப் போனதும் எந்த மாத்திரை எப்போன்னு உங்க பொண்ணுகிட்ட எப்படிச் சொல்வீங்க? ஒரு தடவ சொல்லுங்க." தப்பாகச் சொன்னால் நோயாளியைத் திருத்தாமல், தான் வேறு மாதிரி மறுபடி விளக்க வேண்டும். ஐந்து செய்தியைக் கொட்டிவிட்டுக் கடைசியில் சரிபார்ப்பதிலும் பயனில்லை. இரண்டு சொன்னதும் ஒரு தடவை.

எங்கே பிசகும் என்பதற்குச் சில உதாரணங்களை வைத்துக்கொள்ளுங்கள். "சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றால் பலருக்கு அது மதியச் சோறு. காலை இட்லி அவர்கள் கணக்கில் டிபன். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை என்றால் அதை "காலையில இட்லி சாப்பிடுறதுக்கு அரை மணி முன்னாடி, போட்டுட்டா கண்டிப்பா சாப்பிட்டுடணும்" என்று சொன்னால்தான் பாதுகாப்பு. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும். தினம் போட்டால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், ஆள் போய்விடலாம். "வாரம் ஒண்ணு" என்று விடாமல் "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று கிழமை சொல்லி, சீட்டிலும் தமிழில் கிழமையை எழுத வேண்டும். இன்சுலினில் வாயால் சொல்லவைப்பது போதாது, செய்துகாட்டச் சொல்ல வேண்டும். இங்கே குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு அதற்கானது. கடையில் ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால், 20 கோடு வரை இழுத்தும் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை குறையவில்லை என்று அடுத்த மாதம் நீங்கள் டோஸ் ஏற்றுவீர்கள். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சு கிடைக்கும். அன்று ஏற்றிய டோஸ் முழுதாக உள்ளே போய்ச் சர்க்கரை தாழ்ந்து ஆள் கவிழ்ந்துவிடுவார்.

ஓபி-யில் செய்ய முடியாதவற்றுக்கு நடிப்புப் பயிற்சி. பலர் இதைச் செய்து கெடுத்துவிடுகிறார்கள். மாணவனை நோயாளியாக உட்காரவைத்தால் எல்லாவற்றையும் தானே ஒப்பித்துவிடுவான், அல்லது சினிமா மாதிரி அழுவான். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நோயாளிக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதில் முதல் வாக்கியம், கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது, சரியாகக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது என்று மூன்று பங்கு இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று. நோயாளிக்கு 45 வயது, பனியன் கம்பெனித் தையல்காரர், காசநோய்க்கு மாத்திரை தொடங்கி இரண்டு மாதம். முதல் வாக்கியம்: "இருமல் குறையவே இல்லீங்க." "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், "சாப்பிடுறேங்க." "ஆறு மாசம் தொடர்ந்து சாப்பிடுறது யாருக்கும் கஷ்டம்தான். போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்கிற மாதிரி கேட்டால் மட்டும் உண்மை: மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டார். ஏன் என்று கோபமில்லாமல் கேட்டால் அடுத்த உண்மை: சிறுநீர் சிவப்பாகப் போனது, ரத்தம் என்று பயந்துவிட்டார். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தின் நிறம் அது என்று யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. கேள்வியின் வடிவத்தைப் பொறுத்துத்தான் உண்மை வெளிவரும் என்பதை இந்த ஒரு சீட்டு காட்டிவிடும்.

மூன்று பேர் கொண்ட குழு: ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி, ஒருவர் பார்ப்பவர். பேச்சு 4 நிமிடம், கருத்து 3 நிமிடம், பிறகு அதே டாக்டர் சிக்கிய இடத்திலிருந்து மறுபடி 2 நிமிடம். இந்த மறுமுறைதான் பயிற்சி. முதல் முறை வெறும் பரிசோதனை. நேரமில்லை என்று மறுமுறையை விட்டுவிட்டால் மிஞ்சுவது ஒரு அவமானமும் கொஞ்சம் சிரிப்பும். 12 பேர் என்றால் நான்கு குழு; ஒரே நேரத்தில் நடத்தினால் ஒரு சுற்று பத்து நிமிடத்தில் முடியும். நோயாளி வேடத்துக்கு வார்டின் மூத்த ஸ்டாஃப் நர்ஸ் கிடைத்தால் விடாதீர்கள். நோயாளிகள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்பது நம் எல்லோரையும்விட அவர்களுக்குத் தெரியும். நடிகர்களை நோயாளியாகப் பழக்கும் முறையை 1963-ல் ஹோவர்ட் பாரோஸ் அமெரிக்காவில் தொடங்கிவைத்தார். நமக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கருத்துச் சொல்வதில் ஒரு கறார் வேண்டும். "நல்லா பேசினே", "கொஞ்சம் கனிவு வேணும்" இரண்டுமே குப்பை. பார்ப்பவர் தீர்ப்பு எழுதக் கூடாது, வாக்கியத்தை எழுத வேண்டும். "அவர் 'வேலைக்குப் போக முடியலைங்க' என்றார், நீ 'சளி என்ன கலர்?' என்று கேட்டாய்." அவ்வளவுதான். படித்துக் காட்டியதும், அங்கே வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று டாக்டரையே முதலில் கேட்க வேண்டும். பிறகு நோயாளியாக இருந்தவர் அந்த நிமிடம் என்ன தோன்றியது என்று சொல்லட்டும். ஆசிரியர் கடைசியில், ஒரே ஒரு விஷயம். ஒன்பது குறைகளைப் பட்டியல் போட்டால் மறுமுறை பேசும்போது அவர் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நோயாளி முன்னால் ஹவுஸ் சர்ஜனைத் திருத்தவும் கூடாது. அந்த நோயாளி அதன் பிறகு அவர் கையால் ஊசி போட்டுக்கொள்ள மாட்டார்.

கெட்ட செய்தி சொல்வதை ஹவுஸ் சர்ஜன் தனியாகச் செய்யவே கூடாது. ஆனால் பி.ஜி.யோ (மேற்படிப்பு மாணவர்) அசிஸ்டென்ட்டோ (உதவிப் பேராசிரியர்) சொல்லும்போது உடன் உட்கார வேண்டும். 2000-ல் வெளியான ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறையைப் பெரும்பாலான இடங்களில் சொல்லித் தருகிறார்கள்: இடம் அமைப்பது, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, சொல்வது, உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்பது. முறை நல்லது. நம் வார்டில் அது முட்டிக்கொள்ளும் இடம் முதல் படிக்கும் முன்னாலேயே வரும். மகன் வராந்தாவில் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர், அப்பாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்பார். இதற்கு இரண்டு தவறான பதில்கள் உண்டு: "சரி" என்பதும், "நோயாளிக்குத் தெரிய உரிமை உண்டு" என்று சட்டம் பேசுவதும். முதலில் மகனைக் கேட்க வேண்டும்: "சொன்னா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?" பெரும்பாலும் மனசு விட்டுவிடுவார், சாப்பிட மாட்டார் என்ற பதில் வரும். அந்தப் பயத்தை ஒப்புக்கொண்டுவிட்டு இப்படிச் சொல்லப் பழக்குங்கள்: "நானா போய்ச் சொல்லப்போறதில்ல. அவருக்கு என்ன தெரியும், என்ன தெரிஞ்சுக்கணும்னு கேக்கப்போறேன். அவரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் கூட இருங்க." கேட்டுப் பார்த்தால், கீமோ வார்டுக்கு வந்த முதல் நாளே பக்கத்துக் கட்டில்காரரிடம் விசாரித்து முழுதும் தெரிந்துவைத்திருக்கும் அப்பாக்கள் நிறைய. மகனுக்காக அவர் நடித்துக்கொண்டிருப்பார்.

சொன்ன பிறகு வரும் மௌனம்தான் இளைஞர்களுக்குத் தாங்காது. உடனே ஸ்டேஜ், ஸ்கேன் என்று நிரப்பத் தொடங்குவார்கள். மனதுக்குள் பத்து எண்ணச் சொல்லுங்கள். அழுகிறவரிடம் "அழாதீங்க" வேண்டாம்; தண்ணீர் நீட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

இவ்வளவையும் ஒரே நாளில் அழிக்க வழி ஒன்று உண்டு. சீஃப் ரவுண்ட்ஸில் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, நோயாளியைப் பார்க்காமல், "இந்த சிரோசிஸ் குடிகாரன் மறுபடி வந்துட்டானா?" என்று கேட்டால் போதும். ஹவுஸ் சர்ஜன் அதைத்தான் கற்பார். காரணம் எளிது, சீஃப் மாதிரி ஆவதுதான் அவர் ஆசை. மேலே இருப்பவர்களைத் திருத்த உங்களால் முடியாமல் இருக்கலாம். உங்கள் ரவுண்ட்ஸில் ஒரே ஒரு கட்டிலிலாவது உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொரு நோயும் வரும். மதிப்பெண் பட்டியலில் 'பரிவு காட்டினார், 1 மதிப்பெண்' என்று போட்டால், "உங்க கஷ்டம் புரியுதுங்க" என்ற வாக்கியத்தை எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டு மூலநோய்க்காரரிடமும் சொல்வார்கள். ஆஸ்கி (நிலையம் நிலையமாகச் செய்துகாட்டும் தேர்வு) நிலையம் வைப்பதாக இருந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய மூன்றை வையுங்கள்: முதல் குறுக்கீடு 40 விநாடிக்குப் பிறகுதான் வந்ததா, நோயாளி சீட்டிலிருந்த மறைந்த செய்தி வெளியே வந்ததா, மருந்து விவரத்தை நோயாளி திருப்பிச் சொன்னாரா. மூன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் கிடைக்கும். நோயாளி வேடம் போட்டவரிடம் தனியாக ஒரு கேள்வி: "இந்த டாக்டர்கிட்ட மறுபடி வருவீங்களா?" அதற்கு மதிப்பெண் போட வேண்டாம், பதிலை மட்டும் ஹவுஸ் சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள்.

நேரம் என்றீர்கள். ஓபி முடிந்து டீ வரும் அந்த 20 நிமிடம்தான். வாரம் ஒரு நாள், நான்கு வாரம். அதற்குமேல் போஸ்டிங்கும் மாறிவிடும்.